கதிரேசன் பெயரில் ஒரு ஆம்ப்

கதிரேசன் முதன்முதலாகச் சிம்ராவின் மாடியறைக்கு வந்தபோது அவன் கையில் இருந்தது கெட்டுப்போன ஒரு ஆம்ப், கிதார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. அது அவனுடையதுகூட இல்லை. அவன் கிதார் வாசித்துக்கொண்டிருந்த கல்யாண ஆர்கெஸ்ட்ராவுடையது. மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. கீழே சிம்ராவின் அம்மா அமீனா பீ, மேலே சிம்ராவும் அவளுடைய டிரான்ஸ்ஃபார்மர்களும். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, மருத்துவக் கருவிகளுக்குப் பவர் சப்ளை செய்யும் கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு, அது அலுத்துப்போய் ட்யூப் ஆம்ப் செய்ய உட்கார்ந்தவள் அவள். ஈயம் உருகும் நாற்றம் குழம்பில் இறங்குகிறது என்று அம்மாவுக்குத் தினமும் புகார்.

அவள் பழுது பார்த்து முடிக்கும்வரை கதிரேசன் போகவில்லை. மூலையில் உட்கார்ந்து, எதிலும் சொருகாத எலக்ட்ரிக் கிதாரை வாசித்துக்கொண்டிருந்தான். சிம்ரா கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். அவ்வளவு மெல்லிய சத்தம். ஆனால் அந்த மெல்லிய சத்தத்துக்குள்ளேயே ஒரு சுரம் கெஞ்சியது, அடுத்தது சலித்துக்கொண்டது, இன்னொன்று திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படி வாசிக்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். கோட்டூர்புரத்தில், ஆற்றோரத்தில் என்றான். ஒரே அறை வீடு. அப்பா ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குவார். அவர் எழுந்துவிடாத அளவுக்கு வாசிக்க வேண்டும், அவனுக்குக் கேட்கவும் வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவன் விரல்கள் பழகின. பிறகு அந்த ஆற்றோர வீட்டு வரிசையையே அரசாங்கத்தில் இடித்து, குடும்பத்தைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மா தேவானையும் அங்கே போனார்கள். கச்சேரி வேலைக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வந்துபோக முடியாது என்று இவன் அடையாறு டிப்போ பக்கம் நண்பர்களோடு ஒரு அறையில் தங்கிக்கொண்டான்.

"ஆனா எந்த ஆம்ப்ல சொருவினாலும் இது போய்டுது," என்றான். "நா பேசிக்கினு கீறேன், அது கத்திக்கினு கீது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சிம்ரா அவனுக்கு ஒரு ஆம்ப் செய்யத் தீர்மானித்தாள்.

கிதாரிலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சின்னது. ஆம்ப்பின் முன்பகுதியில் இருக்கும், பழைய வால்வு ரேடியோவில் எரிந்தது போன்ற சிறிய கண்ணாடி ட்யூப்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். கடைசியில் நிற்கும் பவர் ட்யூப்கள்தான் ஸ்பீக்கரைப் பிடித்துத் தள்ளும். எந்தப் பவர் ட்யூப் என்று முடிவு செய்துவிட்டால் அதற்கு எத்தனை வோல்ட், எவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்பதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். அதனால் அதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றாள் சிம்ரா. ஒரே முன்பகுதியை மேஜையில் வைத்து, அதன் பின்னால் மூன்று விதப் பவர் ட்யூப்களைத் தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர்களோடு கட்டினாள். கதிரேசனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி இணைத்தாள்.

முதலில் 6L6. கீழ்ஸ்தாயி இறுக்கமாக, மேலே கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கலையவில்லை. நல்ல சட்டை போட்டது மாதிரி கீது, ஆனா கடையிலேயே நிக்கற மாதிரி கீது என்றான். அடுத்தது EL34. நடு சுரங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தன, ஓங்கினால் மணல் கலந்தது போல உறுமியது. இது நல்லா கீது, ரவுடி என்று சிரித்தான். மூன்றாவதாக 6V6. அளவில் சின்னது, சக்தியும் குறைவு. மெதுவாகத் தொட்டால் தெளிவாக இருந்த சுரம், கொஞ்சம் அழுத்தியதும் ஓரம் கரைந்தது. இன்னும் அழுத்தினால் அழுகை முட்டும் தொண்டைபோல் கரகரத்தது. கதிரேசன் வாசித்துக்கொண்டே இருந்தான். கீழேயிருந்து அமீனா பீ டீ எடுத்துக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என் கைய கேக்குது," என்றான் கடைசியில், திரும்பாமல்.

சிம்ரா அந்தச் சின்ன ட்யூப்களைச் சுற்றி முழு ஆம்ப்பையும் கட்டினாள். வோல்டேஜை வேண்டுமென்றே தாழ்வாக வைத்தாள். ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் வேலைக்கும் ஒரு ட்யூபையே போட்டாள். ஓங்கி அடிக்கும்போது சப்ளை ஒரு கணம் தொய்ந்து, பிறகு சுரம் மெல்ல ஊதிப் பெரிதாகும். அந்தத் தொய்வு அவன் வாசிப்புக்குப் பொருந்தியது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறவரிடம் மூன்று தடவை திருப்பி அனுப்பி ஒன்றை வாங்கினாள். பதினைந்து வாட்ஸ் கொண்ட, சாம்பல் துணி ஒட்டிய ஒரு பெட்டி. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

அதை வைத்து அடையாறில் ஒரு நண்பனின் மொட்டைமாடியில், மாலை வெயிலில், கதிரேசன் தனியாக ஒரு மெட்டு வாசித்ததை யாரோ ஃபோனிலும் நல்ல மைக்கிலும் பிடித்துப் போட்டார்கள். வார்த்தையே இல்லாத மெட்டு. அது பரவியது. தெரியாத ஊர்களிலிருந்து தெரியாதவர்கள் அழுதோம் என்று எழுதினார்கள். சினிமா ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டார்கள், கல்லூரி மேடைகளுக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஆம்ப் என்று எல்லோரும் கேட்டார்கள். சிம்ரா செய்தது என்று அவன் ஒவ்வொரு முறையும் சொன்னான். அந்த நாட்களில் அவன் சொன்னான்.

வெங்கடேஷ் வந்தது அதன் பிறகு. தி.நகரில் பெரிய ஷோரூம் வைத்திருந்த ஒரு இசைக்கருவிக் கம்பெனியில் விற்பனைப் பொறுப்பு அவருக்கு. நிதானமாகப் பேசுகிறவர், யாரையும் மடக்க மாட்டார். கதிரேசன் பெயரிலேயே ஒரு ஆம்ப் கொண்டுவரலாம் என்றார். முன்பக்கத்து உலோகத் தகட்டில் கதிரேசனின் கையெழுத்து பொறித்திருக்கும். சிம்ரா வடிவமைக்க வேண்டும். ஒரே ஒரு மாற்றம்: ஐம்பது வாட்ஸ் வேண்டும், EL34 போட வேண்டும்.

சிம்ரா பொறுமையாக விளக்கினாள். ஐம்பது வாட்ஸ் என்றால் பதினைந்தைவிட மூன்று மடங்கு சத்தம் கிடையாது. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கவே பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். மேடையில் எப்படியும் ஆம்ப் முன்னால் மைக் வைக்கத்தான் போகிறார்கள். EL34 நல்ல ட்யூப்தான், ஆனால் அந்த வீடியோவில் கேட்டது அது இல்லை.

வெங்கடேஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது கரெக்ட் மேடம். ஆனா கடைக்கு வர்றவங்க பெட்டி மேல இருக்கற நம்பரைப் பாக்கறாங்க. பதினஞ்சுன்னு போட்டிருந்தா வீட்டுல பழக வாங்கறதுன்னு நினைக்கறாங்க. பெரிய ட்யூப் பின்னால எரியறதைப் பாத்தா அவங்களுக்கு ஒரு சந்தோஷம்." பிறகு, ஒரு நல்ல EL34 ஆம்ப் உங்களால் செய்ய முடியாதா என்று கேட்டார்.

முடியும் என்றாள் சிம்ரா. அது உண்மையும்கூட. பழைய பெட்டியில் ட்யூபை மட்டும் மாற்றிச் சொருகுகிற வேலை இல்லை அது. EL34-இன் இழை எரியவே மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் கேட்கும், பழைய பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குத் தாங்காது. ஸ்பீக்கர் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரும் வேறு கணக்கு, இரும்பு நிறைய வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வரைந்தாள். அந்த ட்யூப் எதைச் செய்ய விரும்புகிறதோ அதைச் செய்யவிட்டாள். மாதிரிப் பெட்டி மாடியறையில் உறுமியபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கதிரேசன் வந்து ஒரு பிற்பகல் முழுக்க வாசித்தான்.

"சூப்பரா கீது," என்றான். "ஆனா இது நா இல்ல."

அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றாள். அவன் கிதாரின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். அம்மாவை ஒரு நாள் அந்த ஷோரூமுக்குக் கூட்டிப்போய்த் தன் பெயர் போட்ட பெட்டியைக் காட்ட வேண்டும் என்றான். ஆற்றோரத்தில் இடிக்க வந்தபோது ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் பெயின்ட்டில் எண் எழுதிவிட்டுப் போனார்களாம். அவர்கள் வீட்டில் எந்தப் பொருளின் மேலும் எழுதப்பட்ட முதல் எழுத்து அதுதானாம். சிம்ரா வரைபடத்தைக் கொடுத்துவிட்டாள்.

கம்பெனியின் தொழிற்கூடத்தில் அந்த வரைபடத்துக்கு என்ன நடந்தது என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்பீக்கர் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பெட்டி கனமாக இருந்தால் அனுப்புவதற்குச் செலவாம். மலிவான ட்யூப்களை வாங்கினார்கள். அவற்றிலிருந்து ஐம்பது வாட்ஸ் கணக்கை எப்படியாவது பிழிந்தெடுக்க வோல்டேஜை ஏற்றிவிட்டார்கள். ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

வெளியீட்டு விழா தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பக்கத்து ஏ.சி. ஹாலில் நடந்தது. இளைஞர்கள் நிறைய வந்திருந்தார்கள். முன்வரிசையில் தேவானை, தோளில் புதுப் புடவையின் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் திரையில் அந்த மொட்டைமாடி வீடியோவைப் போட்டார்கள். சாம்பல் பெட்டி தெரியும் இடங்களை வெட்டிவிட்டு, அங்கே புதுப் பெட்டியின் படத்தை வைத்திருந்தார்கள். சத்தம் மட்டும் பழையது, அந்தச் சின்ன 6V6-இன் சத்தம். சிம்ரா அதைக் கவனித்தாள். எடிட்டிங்கில் யாரோ செய்த வேலை, கதிரேசனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் மேடையேறி, புது ஆம்ப்பில் அதே மெட்டை வாசித்தான். கீழ்ஸ்தாயி சோற்றுக் கஞ்சிபோல் குழைந்தது. மேலே தகரத்தை உரசுகிற சத்தம். அவன் விரல் கெஞ்சியது, பெட்டி எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னது. நடுவில் ஒரு இடத்தில் அவன் முகம் ஒரு கணம் சுருங்கியதைச் சிம்ரா பார்த்தாள். அவளைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதற்கப்புறம் அவன் மெதுவாக வாசிப்பதையே விட்டுவிட்டு, முழுக்க ஓங்கி அடித்து முடித்தான். ஹால் எழுந்து நின்று கைதட்டியது.

அவன் மைக்கைப் பிடித்தான். "இப்ப நீங்க வீடியோல கேட்டீங்க இல்ல, அந்த சவுண்டு. அது இந்தப் பெட்டிக்குள்ளதான் கீது," என்றான்.

பின்பக்கத்து மாடிப்படியில் அவனைப் பிடித்தாள் சிம்ரா. கீழே கேட்டரிங்காரர்கள் போண்டா தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரிஞ்சுதுல்ல?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. வாசிச்சேன்." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "உள்ள அத்தினி பேர் இருந்தாங்களே, ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதா? நீயும் நானும்தான் சிம்ரா. ரெண்டு பேருக்குக் கேக்கற சவுண்ட வெச்சினு நா இன்னா பண்றது?"

"பொய் சொல்லாம இருந்திருக்கலாம்."

 மேலே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான். ஆம்ப்போடு வந்த கையேட்டில் வடிவமைத்தவர் பெயர் போடுவதாக வெங்கடேஷ் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதைப் புரட்டிப் பார்த்தாள். இல்லை.

சிம்ரா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவனை மாட்டிவிட்டதாகும் என்று நினைத்தாள். சில நாட்களில் கோபம் ஆறிவிடும், அவனே வருவான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். அவன் வரவில்லை. ஆம்ப் நன்றாக விற்றது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஆரோக்கியமேரி வந்தார். பெசன்ட் நகர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர், அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவர். ஆட்டோக்காரர் உதவியோடு கதிரேசன் பெயர் போட்ட ஆம்ப் ஒன்றை மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய வலது மணிக்கட்டில் இறுக்கமான பட்டை சுற்றியிருந்தது.

கொஞ்சம் கூச்சத்தோடுதான் பேசினார். ஆம்ப்பில் குறை என்று சொல்ல வரவில்லை, குறை தன்னிடம்தான் இருக்கும் என்றார். அந்த வீடியோவில் வருகிற மாதிரி வரவே இல்லை. காலையில் வேலைக்குப் போகுமுன், திரும்பி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு என்று மாதக்கணக்கில் அந்த ஒரு மெட்டையே பழகியிருக்கிறார். கை வீங்கிப்போய் டாக்டர் கிதாரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அவருக்கு எங்கேயோ சிம்ரா பெயர் தெரியவந்திருக்கிறது. பெட்டியைக் கொஞ்சம் என் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

சிம்ரா பின்பலகையைக் கழற்றினாள். முதன்முறையாக உள்ளே பார்த்தாள். தான் வரைந்ததில் பாதிகூட இல்லாத டிரான்ஸ்ஃபார்மர். சுவிட்ச் போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒரு ட்யூபுக்குள் இருந்த தகடு மங்கலாகச் சிவக்கத் தொடங்கியது. அப்படிச் சிவக்கக் கூடாது. தாங்க முடியாத சுமை ஏறினால்தான் அப்படியாகும். உடனே அணைத்தாள்.

எழுந்து, புது ஆம்ப் வந்ததும் கதிரேசன் இங்கேயே விட்டுப்போயிருந்த சாம்பல் பெட்டியை அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்து வைத்து, ஆரோக்கியமேரியின் கிதாரை அதில் இணைத்தாள். கை வலித்தால் வேண்டாம், ரொம்ப மெதுவாக நாலு சுரம் மட்டும் என்றாள். ஆரோக்கியமேரி பட்டை சுற்றிய கையால் தொட்டார். கதிரேசன் வாசித்தது மாதிரி இல்லை, அவருக்கு அந்தத் திறமை இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய சுரம் தெளிவாக நின்றது, அழுத்தியது ஓரம் கரைந்து விம்மியது.

அவர் கையை எடுத்துவிட்டார். சிம்ரா நடந்ததைச் சொன்னாள்: இந்த ட்யூப், அந்த ட்யூப், வீடியோவில் இருந்தது எது, கடையில் விற்பது எது.

"அப்ப எங்கையில ஒண்ணும் கொறையில்ல," என்றார் ஆரோக்கியமேரி.

"இல்லக்கா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கும் அன்னிலருந்து தெரியும்."

சிம்ரா தலையைக் குனிந்துகொண்டாள். ஆரோக்கியமேரி அதற்குமேல் அவளைக் குத்தவில்லை. பட்டையின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, வருகிற சனிக்கிழமை ஷோரூமில் கதிரேசன் வந்து வாசித்துக் காட்டுகிறாராம், கேள்வியும் கேட்கலாமாம், நான் போய்க் கேட்கப்போகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றாள் சிம்ரா.

ஷோரூமில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கதிரேசன் இப்போது இன்னும் ஓங்கித்தான் வாசித்தான். அவனிடம் இருந்த அந்தக் கெஞ்சலும் சலிப்பும் எங்கே போயின என்று சிம்ரா தேடித் தேடிக் கேட்டாள். எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் நின்றது. கேள்வி நேரம் வந்ததும் ஆரோக்கியமேரி எழுந்தார். சண்டை போடுகிற குரல் அவருக்கு வரவில்லை. வீடியோ மாதிரி சத்தம் எனக்கு வரவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டார். சிம்ராவைக் கதிரேசன் பார்த்துவிட்டான். ஒரு கணம் அவன் வாய் திறந்தபடி நின்றது. உண்மையைச் சொல்லிவிடப்போகிறான் என்றே அவள் நம்பினாள்.

அவன் மேடையிலிருந்து இறங்கி வந்து, ஆரோக்கியமேரியின் பட்டை சுற்றிய கையை மெதுவாகப் பிடித்துப் பார்த்தான்.

"சவுண்டு கைலதாங்க்கா கீது," என்றான், அன்பாகவே. "பெட்டி அதே பெட்டிதான். இன்னும் கொஞ்ச நாள் பழகுங்க, தானா வந்துடும்."

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். ஆரோக்கியமேரி கையை உருவிக்கொண்டார்.

சிம்ரா எழுந்தாள். அந்த வீடியோவில் இருந்தது இந்த ஆம்ப் இல்லை என்றாள். அது தான் செய்த பதினைந்து வாட்ஸ் பெட்டி, 6V6 போட்டது. இதில் இருப்பது EL34, முற்றிலும் வேறு வடிவமைப்பு, அதையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள், இந்த அக்காவின் பெட்டியில் ட்யூப் சிவக்கிறது என்றாள்.  தயார் செய்து வந்த வாக்கியங்கள் வரிசை மாறி வந்தன. பின்னால் யாரோ ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

வெங்கடேஷ் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். சிம்ரா மேடம் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி, ஆரம்பக் காலத்தில் நிறைய உதவியிருக்கிறார் என்றார். ஒரு கலைஞனின் சத்தம் வளர்ந்துகொண்டே இருக்கும், இந்த ஆம்ப் அந்த வளர்ச்சியின் அடுத்த கட்டம் என்றார். பிறகு கதிரேசனைப் பார்த்தார்.

கதிரேசன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "சிம்ரா என் ஃப்ரெண்டுதான். என் ஆம்ப் எல்லாம் அவங்கதான் ரிப்பேர் பண்ணுவாங்க."

அவ்வளவுதான் நடந்தது. அடுத்த கேள்வியை யாரோ ஒரு பையன் கேட்டான், எந்தக் கம்பி போடுகிறீர்கள் என்று. ஃபோனில் பிடித்த துண்டு வெளியே வந்தது. அதன் கீழே பொறாமை என்று எழுதினார்கள், விளம்பரத்துக்கு அலைகிறாள் என்று எழுதினார்கள். ட்யூபுக்குச் சத்தத்தில் பங்கே கிடையாது, எல்லாம் ஸ்பீக்கர்தான் என்று ஒருவர் நீளமாக எழுதினார். அவள் மதத்தைப் பற்றியும் சிலர் எழுதினார்கள். அமீனா பீக்கு யாரோ அதைக் காட்டிவிட, அவர் இரண்டு நாள் மகளிடம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு எதுவும் நடக்காதது மாதிரி டீ கொண்டுவந்து வைத்தார்.

ஆரோக்கியமேரி பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பின்பலகையைத் திறந்துவிட்டதால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். சிம்ரா அதை வாங்கி வைத்து, தன் மாதிரிப் பெட்டிக்குச் சுற்றியிருந்த பெரிய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து அதில் போட்டாள். ட்யூப்களை மாற்றி, வோல்டேஜை இறக்கினாள். சொன்ன வாட்ஸ் வரவில்லை, ஆனால் EL34 பேச வேண்டிய விதத்தில் பேசியது. கம்பீரமான, நேர்மையான ஆம்ப்பாக ஆகிவிட்டது. ஆரோக்கியமேரி கேட்டது அதை அல்ல என்பது இருவருக்கும் தெரியும். சாம்பல் பெட்டியையும் அவருடைய ஆட்டோவில் ஏற்றிவிட்டாள் சிம்ரா. எனக்கு எதற்கு என்று அவர் தடுத்தார். இங்கே இருந்தால் தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாள் சிம்ரா.

கோடை தொடங்கியபோது கதிரேசன் கூப்பிட்டான். அந்த எண் அவளுடைய ஃபோனில் இன்னும் "கதிரு" என்றே இருந்தது. எடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று எடுத்த கணத்தில் அவள் நெஞ்சு நம்பியது. அவன் அம்மாவை விசாரித்தான். வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு விஷயத்துக்கு வந்தான். கம்பெனி அடுத்த வீடியோ எடுக்கப்போகிறது, புது மெட்டு, நல்ல மெட்டு. புது ஆம்ப்பில் எவ்வளவு முயன்றும் ரெக்கார்டிங் நன்றாக வரவில்லை.

"அந்தப் பழைய பெட்டி ஒரு நாளைக்கு குடு சிம்ரா. வெங்கடேஷ் சார் வண்டி அனுப்பறேன்னாரு."

அவளுக்குக் கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை.

"அது எங்கிட்ட இல்ல," என்றாள். "ஆரோக்கியமேரி அக்கா கிட்ட இருக்கு. கையப் புடிச்சுப் பாத்தியே, அவங்க. நீ போய்க் கேளு, குடுப்பாங்க."

மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. "பாக்கறேன்," என்றான்.

அவன் போகவில்லை. போயிருந்தால் கொடுத்திருப்பேன் என்று ஆரோக்கியமேரி பிறகு சொன்னார். அப்படி வந்து நின்று கேட்கிறவனாக இருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது என்றும் சொன்னார்.

இருந்தும் வீடியோ வெளிவந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மந்தைவெளியில், சிம்ரா அதை இயர்ஃபோனில் கேட்டாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு மென்பொருளில் 6V6 ஆம்ப் ஒன்றின் போலியைத் தேர்ந்தெடுத்து, அதில் வாசித்துப் பதிந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. எங்கே தொய்வு இயற்கையாக இல்லை, எங்கே ஓரம் கரைவது கணக்குப் போட்டதுபோல் இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். ஆனால் அது போலி என்று முதல் சில வினாடிகள் அவளுக்கே தெரியவில்லை. அந்த மென்பொருள் வழியாக வாசித்ததும் அவனுக்குப் பழைய விரல்கள் திரும்பி வந்திருந்தன. சுரம் கெஞ்சியது, சலித்துக்கொண்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்களில் நீர் கோத்துவிட்டது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீடியோவின் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஆம்ப்பைப் புகழ்ந்திருந்தார்கள். பஸ் வந்தது. அவள் இயர்ஃபோனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். அன்று அவளுக்கு ஒரு இன்டர்வியூ இருந்தது, பழையபடி மருத்துவக் கருவிகளுக்குப் பவர் சப்ளை செய்யும் வேலைக்கு.